நாதஸ்வர கேசட்டின் இரண்டாம் பக்கம்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். நோட்டில் இருநூற்றுப் பதினாறு உலகங்கள். எழுதியவள் சண்முகவடிவு, வயது இருபத்தெட்டு, தூத்துக்குடி டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நிரந்தர ஆபரேட்டர். திங்கட்கிழமை காலைவரை நிரந்தரம். ராஜினாமா கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீள உறைக்குள் வைத்து, உறையைப் பீரோவில் புடவைகளுக்கு இடையே செருகியாகிவிட்டது; ஒட்டத்தான் இல்லை. அவள் புருஷன் ஆறுமுகநயினாருக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்திருந்தது. 1988 டிசம்பர் நாலாம் தேதி விமானம். அவன் முதலில் போவான், ஆறு மாதத்தில் விசா எடுத்து அவளைக் கூப்பிட்டுக்கொள்வான், அதுவரை அவள் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவைகுண்டத்தில் மாமனார் மாமியாரோடு இருப்பாள். இதுதான் ஏற்பாடு. சம்பளமில்லாத விடுப்பு கேட்டுப் பார்க்கட்டுமா என்றதற்கு, லீவு போட்டால் மனசு ரெண்டு இடத்தில் கிடக்கும், ஆறு மாதம்தானே, நோட்டில் எழுதி வைத்துக்கொள் என்றான். அவள் நோட்டில் எழுதுகிறவள்தான். இன்று சனி, காலை ஷிப்ட் முடித்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, நாலரைக்கு அவன் கெமிக்கல் ஃபாக்டரியிலிருந்து வருவதற்குள் நட்சத்திரப் படத்தைப் புது நோட்டில் சுத்தமாகப் பெயர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்கு எடுத்துப் போக. அங்கே டிவி கிடையாது, கம்ப்யூட்டர் போகாது, நோட்டு போகும். ஜன்னலுக்கு வெளியே கார்த்திகை வானம் அடுப்படிச் சுவர் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. மழை வரட்டும், கரண்ட் மட்டும் போகாமல் இருக்கட்டும். கீழ்வீட்டு ரெஜினா அக்கா எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். தொம், தொம். ஒரே சீராக இடித்தாலாவது காது பழகிவிடும். அக்கா பாதியில் நிறுத்திவிட்டு யாரிடமோ பேசுவாள், மறுபடி இடிப்பாள். அந்தச் சத்தத்தை மறைக்கத்தான் வடிவு நாதஸ்வர கேசட்டை எடுத்து டேப்ரிகார்டரில் போட்டாள். வேறு எந்தக் காரணமும் இல்லை.

டேப்ரிகார்டர் வீட்டில் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கும் அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் ஒரு மாலுமியிடமிருந்து நயினார் வாங்கி வந்த அந்தச் சாம்பல்நிறப் பெட்டி பார்க்க டைப்ரைட்டரின் கீழ்ப்பாதி போல இருக்கும். டிவியோடு ஒரு வயர், டேப்ரிகார்டரோடு ஒரு வயர். கூடவே வந்தது ஒரே ஒரு விளையாட்டு. கறுப்புத் திரை, வெள்ளைக் கோடுகள். கோடுகளால் ஒரு கப்பல், கோடுகளால் ஓர் உலகம், அந்த உலகத்துக்கு மேலே தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும், கப்பல் அணையும் ஒரு துறை. அந்தத் துறையின் முகத்தில் தபால்பெட்டி வாய் போல ஒரு சந்து. சுற்றுகிற சந்தோடு கூடவே சுற்றி உள்ளே நுழைய வேண்டும். ஒரு விரற்கடை பிசகினால் சுக்கல். எட்டு மண்டலங்கள், மண்டலத்துக்கு இருநூற்றைம்பத்தாறு உலகங்கள். ஒவ்வோர் உலகத்தைப் பற்றியும் இரண்டு வரி இங்கிலீஷில் வரும். அதை அவள் தமிழில் எழுதுவாள். லெவேதி: இங்குள்ள மரங்கள் ஆளைத் தின்னும், மக்கள் கவிதை என்றால் பயப்படுவார்கள். திபேசா: மழை பொல்லாதது, வக்கீல்கள் அதைவிட. ஓரரிஸ்: சொல்லும்படி ஒன்றுமில்லை. முதல்முறை அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ரெஜினா அக்கா கீழேயிருந்து என்னவென்று கேட்டாள். அவன் ஓட்டுவான், இவள் எழுதுவாள். கல்யாணமான முதல் வருஷம் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் குழம்பு, தண்ணீர், ஷிப்ட் நேரம். இந்தப் பெட்டி வந்த பிறகுதான் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரைவரை பேச விஷயம் கிடைத்தது. இடது பக்கம் ஒருத்தன் வாறான், எண்ணெய் தீருது, இவன் போலீஸா கொள்ளைக்காரனா, சுடாதிய சுடாதிய, அவன் சும்மா போறான். சட்டமும் அவர்களாகப் போட்டுக்கொண்டதுதான். நம்மை அடித்தவனை மட்டும் அடிப்பது. ஒருத்தர் இல்லாமல் ஒருத்தர் படத்தைப் பார்க்கலாம், கப்பலை எடுக்கக் கூடாது. இருநூற்றைம்பத்தாறையும் எழுதி முடித்தபின் இரண்டு பேருமாகச் சேர்ந்து பொத்தானை அமுக்கி இரண்டாம் மண்டலத்துக்குத் தாண்டுவது. தாண்டும் இயந்திரம் ஒரே ஒரு தரம்தான் வேலை செய்யும். முன்னால்தான் போகும், வந்த வழி கிடையாது. தாண்டிவிட்டால் இந்த நோட்டில் உள்ள எந்த ஊருக்கும் போக முடியாது, எழுதியதெல்லாம் சும்மா. அதனால்தான் முதலில் முடித்துவிட வேண்டும் என்றாள். இன்னும் நாற்பது பாக்கி.

முதல் பக்கம் ஓடி முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டாள். இரண்டாம் பக்கத்தில் கல்யாணி ராகம் பாதி தூரம் போயிருக்கும், தவில்காரர் அப்போதுதான் கையை இறக்கியிருந்தார், நாதஸ்வரம் ஒரு பிடியைப் பிடித்து மேலே ஏறி அங்கேயே நின்றது, பின் நாதஸ்வரம் இல்லை. ஒரு நொடி வெறும் இரைச்சல். அப்புறம் கிறீச்சென்று ஓர் ஊளை, ஒரே சுருதியில் நாலைந்து நொடி, பிறகு கரகரவென்று பல்லைக் கடிப்பது போல மூன்று நொடி, மறுபடி மௌனம். பென்சில் ஓரரிஸின் மேல் நின்றது. அந்தச் சத்தத்தை உலகத்தில் வேறு யாராவது கேட்டிருந்தால் டேப் சிக்கிக்கொண்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு சாயங்காலமும் ஏழரை மணிக்குக் கப்பல் நிற்கும் இடத்தை டேப்பில் பதியும்போது வரும் சத்தம் அது. விளையாட்டில் கப்பலோட்டும் மாலுமியின் பெயர், மண்டலம், சரக்கு, துப்பாக்கி, எல்லாம் அந்த எட்டு நொடிக்குள் இருக்கும். பதிந்த இடத்தின் கவுண்டர் எண்ணை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிப்பாள். அது வேறு கேசட். அதற்கென்று பச்சைக் காகிதம் ஒட்டிய கேசட் தனியாக இருக்கிறது, இதோ பெட்டிக்குப் பக்கத்தில். இது நாதஸ்வரம். மறுபடி ஊளை. மறுபடி பல்லைக் கடித்தது. இரண்டு. அவள் எண்ண ஆரம்பித்துவிட்டதை மூன்றாவதில்தான் கவனித்தாள். எக்ஸ்சேஞ்சுப் பழக்கம், மணி எத்தனை தரம் அடிக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும் காது. நாலு. ஐந்து. காந்தம் எதன் பக்கத்திலாவது இருந்து பாட்டு அழிந்திருக்கும், கடைக்காரனே பழைய டேப்பில் பாட்டை ஏற்றி விற்றிருப்பான், ஆறு, பச்சைக் கேசட்டில் இடம் போதாமல் அவசரத்துக்கு இதில் பதிந்திருப்பார்கள், அவளே பதிந்து மறந்திருப்பாள், ஏழு, எட்டு, நாதஸ்வரம் திரும்பி வருமா என்று பார்த்தாள், ஒன்பது, வரவில்லை, பத்து, பதினொன்று. அதன்பிறகு கல்யாணியின் கடைசி ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல வந்து முடிந்தது. கேசட்டை வெளியே எடுத்தாள். கடையில் வாங்கும் பாட்டுக் கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை இருக்கும்வரை அதில் எதையும் பதிய முடியாது. அதற்காகத்தான் கம்பெனிக்காரன் அங்கே இருக்கும் பிளாஸ்டிக் தக்கையை உடைத்துவிடுகிறான். பதிய வேண்டுமானால் ஓட்டையை அடைக்க வேண்டும். ஓர் ஓட்டையின் மேல் சின்னதாகக் கத்தரித்த பிளாஸ்திரி. ஓரம் நாலும் சதுரமாக, அழுத்தி, மடிப்பில்லாமல். நயினார் எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வான்.

விளையாட்டுக் கேசட்டை மாட்டினாள்; ஏற ஆறரை நிமிடம் ஆகும். ஸ்டெபிலைசர் உறுமியது, டிவியின் ஓரங்களில் கோடுகள் ஓடின, டேப் கத்தியது, வடிவு கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்க்கலாம், கப்பலை எடுக்கக் கூடாது; பார்க்கத்தான் போகிறாள், சட்டத்துக்கு உட்பட்டதுதான். எப்போது பதிந்திருப்பான். அவளுக்கு மூன்று ஷிப்டும் வரும், அவனுக்குப் பகல் மட்டும்; அவள் பிற்பகல் ஷிப்ட் போகும் வாரங்களில் சாயங்காலம் அவன் தனியாகத்தான் இருந்தான். ஆனால் பதினொன்று. பதினொரு நாள் தொடர்ந்து. ஜூலை. நினைக்கக் கூடாது என்று வைத்திருந்த மாதத்தின் பெயர் தானாக வந்து நின்றது. ஜூலையில் அவள் கோவில்பட்டியில் அம்மா வீட்டில் பத்தொன்பது நாள் இருந்தாள். நாலு மாதம் வயிற்றில் நின்றது நிற்காமல் போன பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நயினார் எழுந்து வந்து, டாக்டரம்மா ஓய்வு வேணும்னு சொல்லுதாங்க, நீ கோவில்பட்டி போயிட்டு வா என்றான். அன்பாகத்தான் சொன்னான். கையில் மருந்துச் சீட்டு, சீட்டை எட்டாக மடித்திருந்தான். அம்மா வீட்டில் வயிறு காலியாக, மார்பு கட்டி வலித்துக்கொண்டிருந்தபோது ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் கீழிருந்து தூக்கினேன். நம் கப்பல் நிற்கிற இடத்திலேயே நிற்கிறது. நீ வந்த பிறகுதான் எடுப்பேன். அந்த வரியை எத்தனை தரம் படித்தாள். அதைக் கடுதாசி எழுதத் தெரியாத மனிதன் தன் பாஷையில் சொன்ன ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று கூடப்பிறந்த அக்கா சொன்னபோது, அவுகளுக்கு அப்படித்தான் சொல்ல வரும் என்று இவள் சண்டைக்குப் போனாள். அக்கா எழுந்து போய்த் தன் குழந்தைக்குப் பால் கலக்கினாள். இப்போது அக்கா முகம்தான் முதலில் கண்ணில் வருகிறது, நயினாரின் முகம் அல்ல. அதுகூட ஏன் என்று தெரியவில்லை. திரையின் ஓரத்தில் கோடுகள் நீலமா கறுப்பா, இந்த டிவியில் எல்லாம் சாம்பல்தான்.

குரலில் பொய் இருந்தால் அவளுக்குத் தெரியும். ஏழு வருஷம் காதில் ஹெட்போன் மாட்டியவள். மூன்று நிமிடம் ஆச்சு, தொடரலாமா என்று கேட்க நடுவில் நுழையும்போது காதில் விழும் ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியம். கேட்கக் கூடாது, ஆனால் காதுக்குக் கதவு கிடையாது. பம்பாயிலிருந்து கூப்பிடுகிறவன், ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுவான். அந்த மூச்சு போதும். அடுத்த மாதம் கண்டிப்பாக என்கிறவன் கண்டிப்பாக என்பதை இரண்டு தரம் சொல்வான். போன வாரம் ஒரு பெண் மறுமுனையில் ஒன்றும் பேசாமலே மூன்று நிமிடத்தையும் தீர்த்தாள், கூப்பிட்டவன் மட்டும் ஆறு மாசம் ஆறு மாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கனெக்ஷனை எடுத்தபோது வடிவு பக்கத்து சீட்டு பாக்கியத்திடம், பாவம் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சு என்றாள். பாக்கியம், உனக்கு எப்படிட்டி தெரியும், நீயும் அதே ஆறு மாசத்துக்குத்தானே போற என்று சிரித்தாள். கேலிதான். அன்றைக்கு அது கேலியாகத்தான் இருந்தது. கடுதாசியில் மூச்சு இல்லை. அதுதான் விஷயம். நீல மையில் சாய்ந்த எழுத்து, எல்லா வரியும் ஒரே உயரம். நிற்கிற இடத்திலேயே நிற்கிறது. அதை எழுதி நாக்கால் நனைத்து ஒட்டிவிட்டு உடனே விளையாட உட்கார்ந்திருப்பானா, இல்லை தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தா. எந்தக் கேள்வி எதற்கு என்று தெரியாமலே கேள்விகள் வந்தன. செப்டம்பரில் ஒருநாள். இரண்டு உலகங்களுக்கு நடுவில் பாயும்போது திடீரென்று கப்பல் பாதி வழியில் நின்றுவிட்டது. நாலா பக்கமும் எட்டு மூலைக் கப்பல்கள், அதுவரை பார்த்தே இராதவை. அவள் பயந்து எழுந்தே விட்டாள். நயினார் எழவில்லை. அவன் விரல், அபாயச் சத்தம் வருவதற்கு முன்னாலேயே, கீபோர்டின் இடது ஓரத்துக்குப் போயிருந்தது. பெரிய கப்பலை மட்டும் சுட்டான், அது கக்கிய சின்னக் கப்பல்களைச் சுடாமல் விட்டான். பெரியவன் செத்தா சின்னவன்லாம் தானா நின்னுரும் பாரு என்றான். நின்றன. எப்படித் தெரியும் என்று கேட்டாள். தோணுச்சு என்றான். அவள் அதை மெச்சி ரெஜினா அக்காவிடம்கூடச் சொன்னாள். அந்த விரல். சத்தத்துக்கு முன்னால் போன விரல். அதன்பின் எத்தனை சாயங்காலம், எத்தனை புது ஊர், ஒவ்வொன்றிலும் அடடே என்றான். அந்த அடடே எல்லாம் என்ன.

கோடுகள் நின்றன. விளையாட்டு ஏறிவிட்டது. நாதஸ்வர கேசட்டை மாட்டி, பதினோராவது ஊளைக்கு முன்னால் ஓட்டி நிறுத்தி, பொத்தானை அமுக்கினாள். எட்டு நொடி. திரையில் வந்த பெயர் அவர்களுடைய மாலுமியின் பெயர் இல்லை. அவர்கள் வைத்த பெயரில் அவள் பெயரின் நாலு எழுத்தும் அவன் பெயரின் மூன்று எழுத்தும் இருக்கும். ஏழுக்கு மேல் அந்தப் பெட்டி ஏற்காது, அவன்தான் விட்டுக்கொடுத்து மூன்று எடுத்துக்கொண்டான். இதில் நயினார் என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, மண்டலம்: இரண்டு. சட்ட நிலை: தேடப்படுபவர். படத்தைத் திறந்தாள். புள்ளிகள். ஒரு புள்ளியும் அவளுக்குத் தெரியவில்லை. லெவேதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. இரண்டு வருஷமாகக் கண்ணை மூடினாலும் தெரிகிற அந்த வளைவு, தூண்டில் முள் மாதிரி என்று அவள் சொல்லும் அந்த வரிசை, கிடையாது. வேறு வானம். கப்பல் நின்ற ஊரின் பெயர் எசெய்ரா. இரண்டு வரி: இந்த உலகம் அதன் சாந்தமான கடல்களுக்கும் நம்பத்தகாத பல்பொடிக்கும் பெயர்போனது. கை பென்சிலை எடுத்துவிட்டது. இருநூற்றுப் பதினேழு என்று எழுதி எசெ வரைக்கும் வந்தபின்தான் நிறுத்தியது. வேறு யாரோடாவது விளையாடியிருந்தான் என்றால் பரவாயில்லையே என்று தோன்றியது. ஃபாக்டரி சிநேகிதன் யாராவது வந்து, வா நயினார் தாண்டிப் பார்ப்போம் என்று இழுத்திருந்தால். ஒரு பெண்ணாகவே இருந்திருந்தாலும்கூட. அப்போது கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும். ஆள் இல்லை. பதினொரு நாள், காலி வீட்டில், அவள் நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, தனியாக. அவன் பிரிந்து வாடவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது இதுதான்.

எஃப் பொத்தானை அமுக்கினால் கப்பல் துறையைவிட்டு வெளியே வரும். அவள் இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அதை அமுக்கியதில்லை. அமுக்கினாள். சட்டம் என்று நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது. சந்து பின்னால் போயிற்று, வட்டங்கள் விரிந்தன, எசெய்ரா ஒரு பெரிய வெள்ளை வளையமாக முன்னால் நின்றது. தூசிப் புள்ளிகள் மெல்ல வந்து ஒதுங்கின. வெறும் கோடுகள் என்று தெரிந்தும் பயமாக இருந்தது. ஓட்டுவது அவன் வேலை. கப்பலை எப்படித் திருப்புவது என்றுகூட அவளுக்கு முழுதாகத் தெரியாது, திரும்பப் போய்ச் சந்துக்குள் நுழைவது நடக்கவே நடக்காது. ஆக, வெளியே வந்தால் வந்ததுதான். தேடப்படுபவர் என்றால் துறையிலிருந்தே போலீஸ் வரும் என்பது நினைவுக்கு வருவதற்குள் வந்துவிட்டது. இரண்டு கப்பல், பிறகு நாலு. திரை அதிர்ந்தது, கவசத்தின் அளவுக்கோடு பாதியானது. எத்தனை பேரைச் சுட்டிருந்தால் நாலு வரும். சும்மா போகிறவனைச் சுட்டிருக்கிறான். சுடாதிய என்று சொல்ல ஆள் இல்லை, அதனால் சுட்டான். இவளுடைய இடது கை ஏ பொத்தானைக் கண்டுபிடித்தது. அவன் அமுக்குவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு போலீஸ் கப்பல் நேராக வந்தது, அமுக்கினாள், கோடு பாய்ந்தது, கப்பல் உடைந்து குச்சிக் குச்சியாகச் சிதறிப் போனது. இவ்வளவு சுலபமா. அவன் ஒவ்வொரு தரமும் பல்லைக் கடித்துக்கொண்டு தோளை வளைத்துச் செய்கிறது இவ்வளவுதானா. இன்னொன்றைச் சுடப் பார்த்தாள், அது பின்னால் போய்விட்டது, திரை மறுபடி அதிர்ந்தது, மறுபடி, பிறகு கப்பல் சிதறி அதன் துண்டுகள் அவள் முன்னாலேயே மிதந்து போயின. ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது. செத்ததில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அந்த மாலுமியை அவளுக்குத் தெரியாது. கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. ரெஜினா அக்கா, மழைக்கு முன்ன வந்துட்டீங்களே தம்பி, கெட்டிக்காரர்தான் என்று சொன்னாள். அவன் ஏதோ பதில் சொல்லிச் சிரித்தான். நாலு முப்பத்தைந்து. மாடிப்படியில் பதினேழு படி. அவன் ஏறும்போது அவள் டிவியை அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்று கை போனது, அவள்தான் இழுத்துக்கொண்டாள்.

நயினார் சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டு, திரையைப் பார்த்தான், மேஜைமேல் கிடந்த நாதஸ்வர கேசட்டின் காலிப் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. கை கழுவப் போனான். நிறைய நேரம் கழுவினான். வந்து துண்டில் துடைத்துக்கொண்டே, கரண்ட் போகலையா இன்னும் என்று கேட்டான். அவள் லெட்டரைப் பற்றி மட்டும் கேட்டாள். கப்பல் நிக்கிற எடத்துலயே நிக்குதுன்னு எழுதியிருந்தியளே. அவன் துண்டை மடித்தான். "வெளாட்டுதானட்டி, வடிவு. அதுக்குப் போயி." சொல்லாமல் இருப்பவரிடம் எதிர்முனை தானாகப் பேசிவிடும் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்தது. அவன் பேசினான். உடம்பு சரியில்லாத நேரத்தில் எதற்குச் சொல்லி வருத்த வேண்டும் என்று பார்த்ததாகச் சொன்னான். வந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தான், அப்புறம் அது தள்ளித் தள்ளிப் போய்விட்டது. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆஸ்பத்திரி ஞாபகம். அதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. குரலில் மூச்சு இல்லை. பிறகு அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, முதல்முறையாக அவளைப் பார்த்து, அதைச் சொன்னான். "நீ இருந்தா ஒவ்வொரு எடத்துலயும் நிக்கணும்ப, எழுதணும்ப. எனக்கு நிக்காம போயிட்டே இருக்கணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்." அதிலும் மூச்சு இல்லை. ஏழு வருஷத்தில் அவள் கேட்ட குரல்களில் இவ்வளவு சுத்தமானது கொஞ்சம்தான் இருக்கும். வெளியே மழை தொடங்கியது, ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறித்தது, இரண்டு பேரும் எழுந்து சாத்தவில்லை. அங்கேயிருந்து திரும்பி வர வழி இருந்ததா என்று கேட்டாள். எட்டு மண்டலமும் சுற்றினால் மறுபடி ஒன்றுக்கே வரலாம் என்று பெட்டியை விற்ற மாலுமி சொன்னதாக அவன் சொன்னான். ஒவ்வொரு தரமும் புது இயந்திரம் வாங்கி எட்டு தரம் தாண்டணும், ரொம்ப நாளாகும்.

"பிறகு ஏன் ரெண்டோட நிறுத்திட்டிய?"

"நீ வந்துட்டல்லா."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான், கேரியரைத் திறந்து மிச்சச் சோற்றைப் பார்த்துக்கொண்டே. சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. ஷார்ஜாவுக்கு அவள் தானாக வந்துவிட முடியாது. கூப்பிட்டால்தான் வர முடியும். ஆறு மாதம் என்பதைக் கண்டிப்பாக என்று அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. எழுதிக்கொள் என்றுதான் சொன்னான், எழுதியது அவள் கை. டீ போடவா என்று கேட்டாள். போடு என்றான். பால் பொங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பால் வந்தது, இறக்கினாள். அவனுக்குச் சர்க்கரை இரண்டு ஸ்பூன். தனக்குப் போட்டாளா என்று சந்தேகமாக இருந்தது, குடித்துப் பார்த்தாள், போட்டிருக்கவில்லை. ஆறு மணிக்கு அவன் வழக்கம்போலப் பச்சைக் கேசட்டை எடுத்து மாட்டி, நாற்பது பாக்கி, இன்னைக்கு ஒரு மூணாவது முடிப்போமா என்றான். தலை வலிக்கிறது, நீங்க விளையாடுங்க என்றாள். தனியாவா என்றான். ஆமா என்றாள். ஒரு கணம் தயங்கி, பிறகு தோளை வளைத்து உட்கார்ந்தான். பத்து நிமிடம் ஆகியும் அவனுக்கு அவள் அந்த அறையில் இல்லாதது தெரிந்ததாகத் தோன்றவில்லை. அவள் பீரோவைத் திறந்து உறையை எடுத்து, கடிதத்தை உருவி, இரண்டாகக் கிழித்து, இரண்டையும் நாலாகக் கிழித்தாள். கிழிந்த சத்தம் அடுத்த அறையில் கேட்டிருக்கும். அவன் கேட்கவில்லை. திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு எழுந்து, தலைவாரி, ஆறு மணி ஷிப்டுக்குப் போனாள். சூப்பர்வைசர் என்னம்மா லெட்டர் என்று கேட்டதற்கு, கொடுக்கலை சார் என்றாள். நயினார் அன்று சாயங்காலம் கேட்டபோதும் அதையே சொன்னாள். அவன் கோபப்படவில்லை. சரி, லீவாவது போட்டுப் பாரு என்றான். போட்டுப் பார்க்கவில்லை. டிசம்பர் நாலாம் தேதி திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அவன் அண்ணன்தான் கூடப் போனார்.

1990 மே 21, திங்கட்கிழமை, ஆறுமுகநயினார் முதல் விடுமுறையில் ஷார்ஜாவிலிருந்து வந்தார்; ஸ்ரீவைகுண்டத்தில் பெற்றோர் வீட்டில் இருபத்திரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பிப் போனார்.